போய் வந்தவர் பக்கத்தில் இருந்தால்

(தோட்டச் சுகாதாரக் குழுவும் மாதர் சங்கமும் சேர்ந்து பிள்ளை மடுவத்தில் நடத்திய கூட்டத்தில், நலன்புரிக் குழுவின் சார்பில் ஆற்றிய உரை. பெரும்பாலும் பேசியபடியே தரப்படுகிறது.)



கொழுந்து நிறுத்துவிட்டு, வீட்டில் அடுப்புக்கூட மூட்டாமல் நேரே இங்கே வந்திருக்கிறீர்கள். அதனால் சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறோம். இன்றைக்கு நாங்கள் பேசப்போவது வெளியில் சொல்லக் கூச்சப்படுகிற ஒரு சங்கதி. மலக்குடலில் வருகிற புற்றுநோய், அதற்குச் செய்கிற ஒபரேஷன், அந்த ஒபரேஷனுக்குப் போகிற நம்ம ஆளுக்கு நாம் எப்படித் துணை நிற்பது என்பது. பின்னால் உட்கார்ந்திருக்கிற பிள்ளைகள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். வயிறும் குடலும் எல்லோருக்கும் இருக்கிறதுதானே.

முதலில் எங்கள் தப்பைச் சொல்லிவிடுகிறோம். 2017ல் நடந்தது இது. ஸ்டோரில் வேலை செய்த ஒருத்தர், ஐம்பதைத் தாண்டியவர். பெயர் வேண்டாம், தெரிந்தவர்களுக்குத் தெரியும். ஒரு வருசத்துக்கு மேலாக அவருக்கு மலத்தோடு இரத்தம் போயிருக்கிறது. மூலம் என்று நினைத்து நாட்டு மருந்து குடித்திருக்கிறார். உடம்பு இளைத்து, படியேறினால் மூச்சு வாங்குகிற நிலைமைக்கு வந்த பிறகுதான் நம்ம தோட்டத்து டொக்டர் ஐயாவிடம் போனார். ஐயா உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குத் துண்டு எழுதி அனுப்பினார். அங்கே கமரா விட்டுப் பார்த்து, சதைத்துண்டு எடுத்துப் பரிசோதித்து, புற்றுநோய் என்று சொன்னார்கள். ஒபரேஷன் செய்யவேண்டும், வயிற்றில் பை வைக்கவேண்டி வரும் என்றும் சொன்னார்கள். சொன்னது சிங்களத்தில். கூடப் போன நம்ம ஆளுக்கு அது பாதி விளங்கியது. விளங்கிய பாதியையும் அவர் நோயாளியிடம் சொல்லவில்லை. "சின்ன ஒபரேஷன்தான்ணே, பயப்படாதீங்க" என்று சொல்லிவிட்டார்.

நாங்களும் அதையேதான் சொன்னோம். பை விஷயம் எங்களுக்குத் தெரியும். தெரிந்தும் மறைத்தோம். மனசு உடைந்துவிடக்கூடாது என்று நல்லெண்ணத்தில்தான் செய்தோம். ஆனால் வாட்டில் பக்கத்துக் கட்டிலில் இருந்தவரின் வயிற்றில் பையைப் பார்த்ததும் இவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அன்றைக்கே கையெழுத்துப் போட்டுவிட்டு பஸ் ஏறி வந்துவிட்டார். "பத்தடிக் காம்பராவுல, மருமகளும் பேரப்பிள்ளையும் படுக்கிற இடத்துல, வயித்துல பையைக் கட்டிக்கிட்டு எப்பிடிங்க இருக்கிறது? செத்தாலும் பரவாயில்ல" என்றார். நாங்கள் ஏழு பேர் போய்ச் சுற்றி உட்கார்ந்து புத்தி சொன்னோம். தலைவர் சொன்னார், கங்காணி ஐயா சொன்னார், நாங்களும் சொன்னோம். அவர் கூரைத் தகரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். ஏழு பேரில் ஒருத்தருக்குக்கூட அந்த ஒபரேஷன் நடந்ததில்லை. அப்புறம் எங்கள் பேச்சை அவர் ஏன் கேட்பார்?

எட்டு மாதம் கழித்து குடல் அடைபட்டு, வயிறு வீங்கி, இராத்திரியோடு இராத்திரியாகக் கொண்டு போனோம். உயிரைக் காப்பாற்ற அவசர ஒபரேஷன் செய்து பை வைத்தார்கள். நோய் அதற்குள் ஈரலுக்குப் போயிருந்தது. எந்தப் பைக்குப் பயந்து ஓடி வந்தாரோ, அதே பையோடுதான் கடைசி மூன்று மாதம் இருந்தார். ஒரு நாள் நாங்கள் பார்க்கப் போனபோது, தானே பையைக் கழுவிக் கட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். "இதுக்கா நான் பயந்தேன்?" என்றார். நாங்கள் ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல என்ன இருக்கு?

அதற்குப் பிறகு, 2022ல், மலையில் கொழுந்து எடுக்கிற ஒரு அக்காவுக்கு அதே நோய். இந்தத் தடவை நாங்கள் புத்தி சொல்லப் போகவில்லை. டொக்டர் ஐயா மூலமாக கிளினிக்கில் உள்ள தாதியிடம் கேட்டோம். இந்த ஒபரேஷன் செய்துகொண்ட, தமிழ் பேசுகிற, தோட்டத்துப் பெண் யாராவது இருக்கிறார்களா, அவர்கள் சம்மதித்தால் மட்டும் எங்களுக்குச் சொல்லுங்கள் என்றோம். சம்மதித்தார் ஒரு அம்மா. வேறு தோட்டம். எண்ணெய் இல்லாமல் பஸ் சரியாக ஓடாத காலம் அது, உங்களுக்கு ஞாபகம் இருக்கும். இரண்டு பஸ் மாறி, மீதி தூரம் நடந்து வந்தார்.

வந்தவர் முதலில் செய்த வேலை, எங்களையெல்லாம் வெளியே போகச் சொன்னதுதான். கதவைச் சாத்திக்கொண்டு மூன்று மணி நேரம் இருந்தார்கள். உள்ளே பேசியது எங்களுக்குத் தெரியாது. பிறகு அவர்கள் இரண்டு பேரும், பெயரைச் சொல்லாமல் சொல்லலாம் என்று அனுமதி தந்ததால்தான் இன்றைக்குச் சொல்கிறோம்.

அந்த அம்மா எடுத்தவுடன் நோயைப் பற்றிப் பேசவில்லையாம். எந்த மலையில் எடுக்கிறீங்க, எத்தனை பிள்ளை, தண்ணிக்குப் பீலி எவ்வளவு தூரம் என்று கேட்டிருக்கிறார். தேத்தண்ணி குடித்த பிறகு, "நான் மூணு வருசமா பையோடதான் இருக்கேன். இவ்வளவு நேரம் பக்கத்துல இருக்கேனே, வாசம் ஏதும் வந்துச்சா?" என்று கேட்டாராம். அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நோய் என்று தெரிந்த நாளிலிருந்து அன்றைக்குத்தான் சிரித்தேன் என்று பிறகு எங்களிடம் சொன்னார்.

பிறகு சட்டையை விலக்கிக் காட்டியிருக்கிறார். குடலின் நுனியை வயிற்றின் மேல் கொண்டு வந்து தைத்திருப்பார்கள். உதட்டின் உட்புறம் மாதிரி சிவப்பாக, ஈரமாக இருக்கும். தொட்டால் வலிக்காது, ஏனென்றால் குடலில் அப்படி வலிக்கிற நரம்பு இல்லை. துடைக்கும்போது ஒரு சொட்டு இரத்தம் கசிவதும் சாதாரணம்தான். அக்கா தொட்டுப் பார்த்தாராம். டொக்டர் படம் வரைந்து காட்டியபோது வராத தைரியம் அப்போது வந்ததாகச் சொன்னார்.

இந்த இடத்தில் நோயைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். மலக்குடல் என்பது பெருங்குடலின் கடைசிப் பகுதி, ஏறக்குறைய 15 சென்ரிமீற்றர் நீளம். நம்ம நாட்டில் ஆண் பெண் இரு பாலாருக்கும் அதிகமாக வருகிற புற்றுநோய்களில் குடல் புற்றுநோயும் ஒன்று. மலத்தோடு இரத்தம், வழக்கத்துக்கு மாறான வயிற்றுப்போக்கு அல்லது மலச்சிக்கல், போய்வந்த பிறகும் இன்னும் போகவேண்டும் போல இருப்பது, காரணமில்லாமல் இளைப்பது, இரத்தம் குறைவது, இதெல்லாம் அடையாளம். மூலத்திலும் இரத்தம் வரும். ஆனால் மூலமா இல்லையா என்று நாமே தீர்ப்புச் சொல்லக்கூடாது. டொக்டர் விரலால் பரிசோதித்தாலே பல பேருக்குத் தெரிந்துவிடும். அந்த ஒரு நிமிசக் கூச்சத்துக்குப் பயந்து ஒரு வருசம் தள்ளிப்போடுகிறவர்கள் நம்மில் எத்தனை பேர்!

சில பேருக்கு முதலில் ரேடியேஷன் கொடுப்பார்கள். வாரத்தில் ஐந்து நாள் வீதம் ஐந்து வாரத்துக்கு மேல் போகலாம். சிலருக்கு ஒரே வாரத்தில் முடியும். கூடவே மாத்திரையும் கொடுப்பார்கள். அது முடிந்து சில வாரம் பொறுத்துத்தான் ஒபரேஷன். கட்டி மேலே இருந்தால் அந்தப் பகுதியை வெட்டி எடுத்துவிட்டு மீண்டும் குடலை இணைக்கலாம். இணைத்த இடம் ஆறும்வரை, வயிற்றின் வலது பக்கத்தில் சிறுகுடலை வெளியே எடுத்துத் தற்காலிகமாகப் பை வைப்பது உண்டு. கட்டி மிகவும் கீழே, மலவாய்த் தசைக்குப் பக்கத்தில் இருந்தால், மலவாயையே எடுத்துத் தைத்துவிட்டு, இடது பக்கத்தில் நிரந்தரமாகப் பை வைக்கவேண்டி வரலாம். நம்ம அக்காவுக்கு இந்த இரண்டாவது வகை. யாருக்கு எது என்பதை டொக்டர்மார்தான் ஸ்கேன் பார்த்துத் தீர்மானிப்பார்கள். நாமாக "உனக்குப் பை வராது" என்று ஆறுதல் சொல்லக்கூடாது.

இனி படங்கு விஷயத்துக்கு வருகிறோம். எங்கள் யாருக்கும் தோன்றாதது இது. அந்த அம்மா கேட்ட கேள்வி: "படங்கை எந்த இடத்துல இறுக்கிக் கட்டுவீங்க? கட்டிக் காட்டுங்க." ஒபரேஷனுக்கு முன்னால் பை வரவேண்டிய இடத்தை வயிற்றில் பேனாவால் குறிப்பார்கள். குறிக்கும்போது நோயாளி நின்று, உட்கார்ந்து, குனிந்து காட்டவேண்டும். மடிப்பு விழுகிற இடத்திலோ, இடுப்புக் கட்டு வருகிற இடத்திலோ பை அமைந்தால் ஒட்டாமல் கழன்றுகொண்டே இருக்கும். சேலை எங்கே செருகுகிறோம், சாரத்தை எங்கே முடிகிறோம், படங்குக் கயிறு எங்கே வருகிறது என்பதை நாம் சொன்னால்தானே அவர்களுக்குத் தெரியும்? கொழும்பில் இருக்கிற டொக்டருக்குப் படங்கு தெரியுமா? அந்த அம்மாவுக்கு இதை யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. கயிறு வருகிற இடத்திலேயே பை அமைந்து, ஒரு வருசம் பாடுபட்டிருக்கிறார். நம்ம அக்கா படங்கைப் பைக்குள் மடித்து வைத்து ஆஸ்பத்திரிக்கே கொண்டு போய், குறி போடுகிற தாதியின் முன்னால் கட்டிக் காட்டினார். தாதி முதலில் சிரித்தாராம், பிறகு குறியை மேலே மாற்றிப் போட்டாராம்.

அக்கா கேட்ட மற்றக் கேள்விகளும் நாங்கள் நினைத்த கேள்விகள் இல்லை. சாவைப் பற்றி ஒரு தடவைதான் கேட்டாராம். கோயிலுக்குள் போகலாமா என்று இரண்டு தடவை கேட்டிருக்கிறார். "நான் மாரியம்மன் திருவிழாவுக்குப் போய்க்கிட்டுத்தான் இருக்கேன். ஆத்தாளுக்குத் தெரியாத வயிறா?" என்று பதில். புருஷன் பொண்டாட்டி விஷயத்தையும் கேட்டிருக்கிறார். அதற்கு என்ன பதில் என்று எங்களுக்குச் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. ஆனால் இதைச் சொல்லவேண்டும். இந்த ஒபரேஷனில் அந்தப் பக்கத்து நரம்புகளும் பாதிக்கப்படலாம். ஆம்பிளைகளுக்கும் பொம்பிளைகளுக்கும் சிறுநீர் போவதிலும் தாம்பத்தியத்திலும் சிரமம் வரலாம். ஒபரேஷனுக்கு முன்னாலேயே டொக்டரிடம் கேட்கலாம், வெட்கமில்லை. துணைக்குப் போகிறவர் ஆணுக்கு ஆண், பெண்ணுக்குப் பெண்ணாக இருந்தால் நல்லது என்பது இதனால்தான்.

எல்லாம் நல்லபடி நடந்தது என்று கதை சொல்ல நாங்கள் வரவில்லை. தைத்த காயம் ஆற அக்காவுக்கு இரண்டு மாதத்துக்கு மேல் ஆனது. உட்கார முடியாமல் ஒரு பக்கமாகச் சாய்ந்தே இருந்தார். முதல் மாதம் பையைச் சுற்றித் தோல் வெந்து புண்ணாகிவிட்டது. வெட்டின ஓட்டை பெரிதாக இருந்ததுதான் காரணம். குடல் நுனி ஆரம்பத்தில் வீங்கியிருக்கும், ஆறு எட்டு வாரத்தில் சுருங்கும். அதற்கு ஏற்ற மாதிரி அளந்து ஓட்டையைச் சின்னதாக வெட்டவேண்டும். அந்த அம்மாதான் போனில் கேட்டுக் கண்டுபிடித்து, "நாளைக்கே கிளினிக்குல காட்டுங்க" என்றார். மருந்துப் பெயர் ஒன்றும் சொல்லவில்லை பாருங்கள். அதுதான் முறை. ஒரு தடவை பஸ்ஸிலேயே பை கழன்றுவிட்டது. அன்றைக்கு அக்கா வீட்டுக்கு வந்து, இனி வெளியே போகமாட்டேன் என்று அழுதார். அந்த அம்மாவுக்குப் போன் போட்டால், தனக்கு அது கல்யாண வீட்டில் நடந்ததாகச் சொன்னாராம். அதுக்கு மேல என்ன ஆறுதல் வேணும்?

இப்போது அக்கா தவறணையில் வேலை செய்கிறார். ஒபரேஷனுக்குப் பிறகு குறைந்தது ஆறு எட்டு வாரம் பாரம் தூக்கக்கூடாது. அதன் பிறகும் நிறைந்த கூடையைத் தூக்கினால் பை இருக்கிற இடத்தில் குடல் பிதுங்கி வரக்கூடும். டொக்டர் கடிதத்தைக் காட்டித்தான் இலேசான வேலை வாங்கினோம். சும்மா கிடைக்கவில்லை, மூன்று தடவை ஒப்பீசுக்கு நடந்தோம். இதற்குத் தலைவர்மார் துணை நிற்கவேண்டும்.

இப்படித் துணை நிற்பது புது விஷயம் இல்லை. டென்மார்க்கில் எலிஸ் சோரென்சன் என்று ஒரு தாதி. அவருடைய தங்கை தோராவுக்கு இந்த மாதிரி ஒபரேஷன் நடந்து, கசிந்துவிடும் என்ற பயத்தில் வீட்டைவிட்டே வெளியே போகாமல் இருந்தார். அந்தத் தங்கைக்காக எலிஸ் 1954ல் யோசித்ததுதான் தோலில் ஒட்டிக்கொள்கிற பை. அமெரிக்காவில் நோர்மா கில் என்ற அம்மா தானே பையோடு வாழ்ந்தவர். 1958ல் கிளீவ்லாண்ட் ஆஸ்பத்திரியில் டேர்ன்புல் என்ற சத்திரசிகிச்சை நிபுணர் அவரையே மற்ற நோயாளிகளுக்கு உதவ வேலைக்கு வைத்தார். பை வைத்தவர்களைப் பராமரிப்பதற்கென்று தனியாகத் தாதிமாருக்குப் படிப்பு வந்ததே அதிலிருந்துதான். ஒருத்தர் தங்கைக்காகச் செய்தார், மற்றவர் தன் உடம்பில் பட்டதைக் கொண்டு செய்தார்.

நம்ம லயத்தில் வழக்கம் எப்படி? ஒருத்தர் ஆஸ்பத்திரியிலிருந்து வந்தால் நெஸ்டமோல்ட் பெட்டியும் தோடம்பழமுமாகப் பத்துப் பேர் போவோம். போகிறது நல்லதுதான். போய், "எங்க சித்தப்பாவும் இப்பிடித்தான், ஆறு மாசத்துல போயிட்டாரு" என்று சொல்லிவிட்டு வருகிறோமே, அதை விட்டுவிடவேண்டும். "எனக்கு ஒண்ணும் ஆகல, உனக்கும் ஆகாது" என்பதும் வேண்டாம், ஒருவர் உடம்பு மாதிரி இன்னொருவர் உடம்பு இல்லை. பெரும்பாலும் வாயை மூடிக்கொண்டு கேட்பதுதான் வேலை. கேட்டதை வெளியில் சொல்லக்கூடாது. பீலியடியில் ஒரு வார்த்தை விழுந்தால் மத்தியானத்துக்குள் மேல் பிரட்டுக்குப் போய்விடும், நமக்குத் தெரியாததா?

ஒபரேஷன் செய்யாதவர்கள் செய்ய ஒன்றும் இல்லையா என்று ஒரு தங்கை கேட்டார். நிறைய இருக்கு. பையில் மூன்றில் ஒரு பங்கு நிறைந்ததும் கொட்டிக் கழுவவேண்டும். அதற்குத் தண்ணி வேணும், கதவு சாத்துகிற மலசலகூடம் வேணும். ஆறு குடும்பத்துக்கு ஒன்று என்றால் ஒரு சாவியை அவருக்குக் கொடுத்துவிடுங்கள். கழற்றின பையைக் குழியில் போடாமல் கடதாசியில் சுற்றிக் குப்பையில் போட ஒரு மூடி வாளி வாங்கிக் கொடுக்கலாம். பை விலை கொஞ்சநஞ்சம் இல்லை. கிளினிக்கில் கிடைக்காத மாதத்துக்கு மரண உதவிச் சங்கம் மாதிரியே ஒரு சின்ன சேமிப்பு வைக்கலாமா என்று மாதர் சங்கத்தில் பேசியிருக்கிறோம், அடுத்த கூட்டத்தில் முடிவெடுப்போம். மகரகம, கண்டி, பதுளை என்று எங்கே போனாலும், இரண்டு மொழியும் தெரிந்த ஒருவர் கூடப் போகவேண்டும். டொக்டர் சொன்னதை முழுசாகச் சொல்கிறவராக இருக்கவேண்டும், இனிப்புத் தடவிச் சொல்கிறவராக இருக்கக்கூடாது.

வலது பக்கப் பை வைத்தவர்களுக்கு ஒரு வார்த்தை. அதில் தண்ணியாகப் போகும், உடம்பில் உப்பும் தண்ணியும் குறையும். தலை சுற்றி, சிறுநீர் குறைந்தால் உடனே காட்டுங்கள். ஜீவனி எப்போது, எவ்வளவு குடிப்பது என்று முன்கூட்டியே கிளினிக்கில் கேட்டு வையுங்கள். பலாக்காய், காளான், தேங்காய்ச் சொட்டு இதையெல்லாம் ஆரம்பத்தில் தவிர்த்து, பிறகு நன்றாக மென்று கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிடலாம். எந்தப் பையானாலும் குடல் நுனி கறுத்துப்போனால், அல்லது ஒன்றும் வெளியே வராமல் வயிறு வீங்கி வாந்தி எடுத்தால், விடியட்டும் என்று இருக்காதீர்கள். 1990க்கு அடித்தால் சுவசெரிய அம்புலன்ஸ் வரும், காசு இல்லை. பை எடுத்து மீண்டும் இணைத்த பிறகும் பல மாதத்துக்கு அடிக்கடி, அவசரமாகப் போகவேண்டி வரும். மலையில் நிற்கிற பொம்பிளைக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று கங்காணிமார் புரிந்துகொண்டு, கேட்காமலே விடவேண்டும்.

அந்த அக்கா இன்றைக்கு இங்கே வரவில்லை. மேடையில் நிற்கமாட்டேன் என்றார், சரி என்றோம். ஆனால் போன மாதம் பக்கத்துத் தோட்டத்தில் ஒரு பிள்ளைக்கு இதே ஒபரேஷன் என்று டொக்டர் ஐயா சொன்னதும், ஞாயிற்றுக்கிழமை அரைநாள் அக்கா அங்கே போய் வந்தார். படங்கை மறக்காமல் எடுத்துக்கொண்டு போனார்.

உங்களுக்கோ வீட்டில் யாருக்குமோ இப்படி ஒரு துணை தேவையென்றால் டொக்டர் ஐயாவிடம் மட்டும் சொன்னால் போதும். எங்களிடம்கூடச் சொல்லவேண்டாம். ஒபரேஷன் செய்துகொண்டவர்கள் யாராவது துணைக்குப் போகச் சம்மதம் என்றாலும் அவரிடமே சொல்லுங்கள். ஆம்பிளைகள் யாரும் இன்னும் முன்வரவில்லை. ஒருத்தராவது வேணும்.